ஞாயிற்றுக்கிழமை ஆள்

மணலி யார்டில் என் வேலை படிப்பது.
நாலு எழுத்து, ஏழு எண்.
லாரி கேட்டைத் தாண்டுவதற்குள்
கன்டெய்னரின் நெற்றியில் இருப்பதைப் படித்து
அட்டையில் செருகிய தாளில் எழுத வேண்டும்,
துரு தின்ற மூன்றை எட்டாக்கிவிடாமல்,
மழையிலும், ஹெட்லைட் கண்ணில் அடிக்கும்போதும்,
ஒன்பது வருஷமாக.

அவர்கள் கணக்கில் ஒன்பது வருஷம் இல்லை.
பதினோரு மாசம், ஒரு நாள் வீட்டில்,
மறுபடி பதினோரு மாசம்.
அந்த ஒரு நாளில் எனக்குக் காய்ச்சல் வரும்.
கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்த கை
சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.

போன தை மாசம் கம்பத்தில் ஒரு கேமரா வைத்தார்கள்.
அதுவும் படிக்கிறது.
"சும்மா டெஸ்டிங்தான்" என்றார் கான்ட்ராக்டர் ஜெயசீலன்,
என்னைப் பார்க்காமல், கேமராவைப் பார்த்து.

டில்லிபாபு சொன்னான்:
"ராயபுரத்துல ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி மச்சி,
ஞாயித்துக்கெழமதான் அங்க கூட்டம், ஆள் கேக்குறாங்க.
சம்பளம் கெடையாது, சர்டிபிகேட் உண்டு.
பயோடேட்டால ஒரு வரி ஏறுமில்ல?"

அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன்.
பொய் சொல்லக் கூடாது.

மஞ்சள் அங்கி கொடுத்தார்கள். முதுகில் 'தன்னார்வலர்'.
எக்ஸ்ரே எங்க, ரத்தம் எங்க குடுக்கணும்,
இதுல இன்னா எழுதியிருக்கு தம்பி.
எண்ணூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு அம்மாவுக்கு
மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்னேன்.
ஒன்பது வருஷத்தில் எந்தக் கன்டெய்னரும்
"நல்லா இருப்பா" என்று சொன்னதில்லை.

டோக்கன் கவுண்டரில் நவமணி.
அவளும் கான்ட்ராக்ட். அவளுக்கும் பதினோரு மாசம்.
டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சை சாதத்தை
மூடியில் வைத்து என் பக்கம் தள்ளுவாள்.
அவள் சாப்பிடும் இருபது நிமிஷம்
அவள் நாற்காலியில் நான்.
ஒரு நாளும் வரிசை நின்றதில்லை.

எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது.
ஞாயிறு ராத்திரிகளில் மட்டும், ஆனால் அடித்துப் போட்ட மாதிரி.
இங்கே என்னை யாரும் நிறுத்த முடியாது,
வேலை என்று ஒன்று இருந்தால்தானே நிறுத்த.

ஆடியில் ஒரு ஞாயிறு நவமணி இல்லை.
அடுத்த ஞாயிறும்.
"அவங்க எதுக்கு இனிமே, நீங்கள்லாம் இருக்கீங்களே!"
மேனேஜர் பாராட்டாகத்தான் சொன்னார்.
தோளில் தட்டினார்.
மற்ற நாட்களுக்குக் காலேஜ் பிள்ளைகள் வருகிறார்களாம்.

கேமராவுக்குச் சம்பளம் இல்லை.
எனக்கும் இல்லை.

சர்டிபிகேட் வந்துவிட்டது.
லேமினேஷன் இருபது ரூபாய்.
பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கிறது.

நேற்று தேரடி ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன்.
கையில் பிளாஸ்டிக் ஃபைல்.
கோபப்படுவாள் என்று நின்றேன், படவில்லை.
"நீங்க வேகம் சார், அதான்" என்று சிரித்துவிட்டு,
"உங்க யார்டுல பொம்பளைங்கள எடுப்பாங்களா?
டோக்கன் போட்ட கை, நம்பர்லாம் நல்லா வரும்."

கம்பத்தைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தேன்.
வெயில் பட்டு வெளுத்துத் தெரிந்த ஒரு பஸ்
தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.
நான் கண்ணைச் சுருக்குவதற்குள்
"நம்முது இல்ல" என்றாள்.