இயல்பளவு

தூசி என்றுதான் நினைத்தேன்.
தண்ணீர் தெளித்ததும்
தூசி தாவியது.

பாண்டுப்பில் நான்காவது மாடி.
ஜன்னல் கம்பிக்கூண்டுக்குள் பதினோரு தயிர்க் கப்புகள்,
எட்டில் தக்காளி, மூன்றில் மிளகாய்.
மண் கடையில் வாங்கியதில்லை.
அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் வாளியில்
டீத்தூள் சக்கை, வெங்காயத் தோல், முட்டை ஓடு,
சொசைட்டி வாசலில் பாதாம் மரம் உதிர்த்த சருகு,
ஊறவைத்தால் நாலு மடங்கு வீங்கும் தேங்காய்நார்க் கட்டி
எல்லாம் கொட்டி
மூன்று மாதம் கிளறிக் கிளறி நானே ஆக்கியது.
சோற்றுப் பானையைக்கூட இத்தனை முறை
திறந்து பார்த்ததில்லை.

"புழுத்த மண்ணைப் போய் வீட்டுக்குள்ள வெச்சிருக்க"
என்றார் தேவசகாயம்.
புழு இல்லை, பூச்சி என்றேன்.
அதில் அவருக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஒரு சிட்டிகையை
மாதிரிக் குப்பியில் அடைத்துக்கொண்டு
ஏழு பதினெட்டு லோக்கலில் ஏறினேன்.
காட்கோபரில் எனக்கு வேலை
அடுத்தவர் ரத்தத்தில் வெள்ளணு எண்ணுவது.
குப்பி என்றால் சீட்டு ஒட்டவேண்டும், கை கேட்காது.
பெயர்: மண்.
வயது: மூன்று மாதம்.
ஆணா பெண்ணா என்ற இடத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.

லென்ஸுக்குக் கீழே
நொய்யரிசி ஒன்றுக்கு ஆறு கால் முளைத்திருந்தது.
வாலடியில் மடித்துவைத்த ஒரு கவை.
அதை உதைத்துத்தான் எழும்புகிறது.
பக்கத்தில் எட்டுக் காலோடு உருண்டையாய் ஒருவர்,
அவசரமே இல்லாதவர்.
வெங்காயத் தோலின் கிழிந்த ஓரத்தில்
பூஞ்சை நூலை இடியாப்பம் போல
பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன நாலைந்து.
என்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன்.
நாற்பத்து மூன்று.

"யாரோட ஸ்டூல் இது?" எட்டிப் பார்த்தாள் ஸுமேதா.
"என் தக்காளியோடது."
ஓரடி பின்னால் போனாள்.
பிறகு வந்து
டீ ஆறும்வரை குனிந்திருந்தாள்.

எண்ணிக்கைக்குப் பக்கத்தில்
இயல்பளவு என்றொரு கட்டம் உண்டு.
ரத்தம் என்றால் தூக்கத்திலும் சொல்வேன்,
நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம்.
ஒரு சிட்டிகை மண்ணுக்கு எத்தனை?
கட்டம் காலியாகவே இருந்தது.

அந்த வாரம் இரண்டு நாற்று
கழுத்தில் கறுத்துச் சாய்ந்தன.
வெள்ளையர்கள்மேல்தான் முதல் சந்தேகம்.
அடுத்து, டீ டம்ளர் விளிம்பில் வந்து உட்காரும்
கொசு மாதிரியான கறுப்பு ஈக்கள்மேல்.
உருளைக்கிழங்குத் துண்டை மண்மேல் கவிழ்த்து வைத்து
விடிந்ததும் திருப்பினால்
கருந்தலைப் புழு ஏழு.
கூசாமல் நசுக்கினேன்.
அப்புறம்தான் கப்பைத் தூக்கிப் பார்த்தேன்.
அடியில் தண்ணீர், விரல்கனத்துக்கு.
வாளிக்கு ஓட்டை போட்டவள்
கப்புகளுக்குப் போட மறந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூச்சிமருந்து அடிக்க வந்தான் இர்ஃபான்,
முதுகில் டப்பா, மூக்கில் கைக்குட்டை.
"ஜன்னல்லயும் அடிக்கவா தீதி?"
சமையலறை மூலை போதும் என்றேன்.
எதற்கு என்று குந்திப் பார்த்தான்.
கைக்குட்டையை இறக்கி மண்மேல் ஊதினான்.
தாவின.
இன்னொரு தரம் ஊதினான்.
கையெழுத்து வாங்க மறந்து
பக்கத்து வீட்டு மணியை அடித்துக்கொண்டிருந்தான்.

இரவு
அந்த வீட்டு மருந்துக்குத் தப்பிய கரப்பான் ஒன்று
எங்கள் கதவிடுக்கில் நுழைந்து,
ஓடவும் முடியாமல் சாகவும் முடியாமல்
மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.

செருப்பால் அடித்தேன். ஒரே அடி.

வாளிக்குள் போடலாம் என்று
மூடியைத் திறந்துவிட்டேன்.
பிறகு மருந்து ஞாபகம் வந்தது.
காகிதத்தில் மடித்த கரப்பானோடு
மூடி திறந்தபடி
கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.
உள்ளே
மழை தொடங்குவது போல
மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது,
அல்லது
கேட்டதாக எண்ணிக்கொண்டேன்.