இடப்பக்கம்

கூட்டை முதல் மாதமே எடுத்துவிட்டு
ஆறு மாதம் தலைமறைவான தனபாலன்
ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்குப் பதிலாக
ஒரு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்து
எங்கள் ஃபிளாட் படியடியில் சாய்த்துவிட்டு
சாவியை கேட் கம்பியில் மாட்டிப் போனான்.

நகாரா. நூற்றெழுபத்தைந்து சிசி. இரட்டைச் சிலிண்டர்.
கேட்டவர்களெல்லாம் "நகராவா?" என்றார்கள்.
பெயரிலேயே சொல்லிவிட்டானே என்று
கீழ்வீட்டு அஞ்சலைதேவி சிரித்தாள்.

ஆனால் நகர்ந்தது, பாதி.
வலது சிலிண்டர் சுடும்.
இடதில் கைவைத்தால் ஐஸ் கச்சாங்.
கழற்றிப் பார்த்தால்
வால்வுத் தகட்டை மூடும் மூடியில்
மயிரிழை போல ஒரு கீறல்.

பாயான் லெப்பாஸில் எனக்கு அளக்கிற வேலை.
நல்லது இந்தத் தட்டு, நொள்ளை அந்தத் தட்டு.
இரவு ஷிஃப்ட் முடிந்த ஒரு காலையில்
மூடியைத் தாளில் வரைந்து
விட்டம், துளை, தடிமன் எல்லாம்
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதிக்கொண்டேன்.

பிறகு ஞாயிறுகள்.
லோரோங் கூலிட் சந்தையில்
ஒரு செட் பொய்ப்பல்லுக்கும் பேசாத ரேடியோவுக்கும் நடுவே
கார்புரேட்டர் ஒன்று கிடந்தது. என்னுடையதில்லை.
புக்கிட் மெர்தாஜாமில் ஆளுயரத்துக்கு யமஹா.
"தங்கச்சி, ஒரு ஹோண்டா வாங்கிக்க.
ஞாயித்துக்கிழமையாவது மிஞ்சும்."

சுங்கை பினாங்கில் ஜைலானி கடை.
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இதே சாமானை இன்னொருத்தன் கேக்கிறான். மூணு வருஷமா.
உன்ன மாதிரி வரையத் தெரியாது அவனுக்கு,
சோப்புக் கட்டியில அச்சுப் பதிச்சுக் கொண்டாருவான்."
எந்தப் பக்கம், என்றேன்.
"இடது."

கிடைத்தால் எனக்குத்தான் முதலில் போன் என்று
மேசையில் ஐம்பது வெள்ளி வைத்தேன்.
"அவன் நூறு வச்சிருக்கான்" என்றார் ஜைலானி,
ஐம்பதையும் எடுத்துக்கொண்டு.

அன்றிரவு தூக்கமில்லை.
முகம் தெரியாத ஒருவன்
என் மூடியை எனக்கு முன்னால்
எங்கோ கண்டெடுத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த வாரம் ஆயர் ஈத்தாமுக்குப் போய்விட்டேன்.
தியோ கிம் லாய். சீனச் சாவு ஊர்வலங்களில் ட்ரம்பெட் ஊதுபவன்.
சீருடையோடு நின்றான், கைகளில் கிரீஸ்.
சண்டைக்குத் தயாராய் இருவரும்
ஒன்றும் பேசாமல்
மூடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

அதே கீறல்.
மூன்றாம் துளையிலிருந்து விளிம்புக்கு,
அதே வளைவு, அதே நீளம்.

ஒன்று நொள்ளை என்றால் தூக்கிப் போடலாம்.
ஒரே இடத்தில் இரண்டு என்றால்
அறிக்கை எழுத வேண்டும். யாருக்கு எழுத?
கம்பெனி மூடி எத்தனையோ வருஷம்.
நல்ல மூடி எங்கேயும் இல்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
எங்கிருந்தாலும் அது
அந்த மூன்றாம் துளையில்தான் கீறியிருக்கும்.
கிம் லாய்க்கு மலாயில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.
பிறகு "மூணு வருஷம்" என்றான்.

தாளில் நான்கு மில்லிமீட்டரை அடித்து
ஐந்தரை என்று எழுதினேன்.
பிறை வார்ப்படப் பட்டறையில்
பத்துக்குக் குறைந்தால் அடுப்பு மூட்ட மாட்டோம் என்றார்கள்.
சரி, பத்து.
காசில் பாதி அவனுடையது,
ஒரு பெரிய தவுக்கேயின் சாவில் வந்தது.

மாட்டி, உதைத்து, மூன்றாம் உதையில்
இரண்டு குழாயிலும் நீலப் புகை.
தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.
புறங்கையில் கொப்புளம்.
வேலையில் கையுறை மாட்டும்போது எரிந்தது.

மீதி எட்டும் ஜைலானி கடையில் தொங்குகின்றன.
எங்கள் நூற்றைம்பதை அவர் திருப்பித் தரவில்லை,
விலை மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறார்.
யாராவது வருவார்கள்.
கையில் தாளோ சோப்போ வேறெதுவோ இருக்கும்.
இடப்பக்கம் என்பார்கள்.