ஆரம்ப விலை

விடிகாலை நாலரைக்கு
கடலூர் துறைமுகத்தில் என் தொண்டைதான் கடை.
சங்கரா ஒரு கூடை,
ஆயிரத்து இருநூறு, முந்நூறு, முந்நூறு,
எதிரே நிற்பவள் புருவம் தூக்கினால் ஐம்பது ஏறும்,
வியாபாரி பீடியைக் கீழே போட்டு மிதித்தால்
அதற்குமேல் அவர் மடியில் இல்லை.
கண் பார்த்து விலை கூறுபவள் நான்.

இந்தப் போனுக்குக் கண் இல்லை.
எப்படி விற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டு
இரண்டு வட்டம் காட்டுகிறது.
ஏலம். ஒரே விலை.

விற்க வேண்டியது தேசிங்கின் ஜி.பி.எஸ்.
படகைப் பங்காளிக்கு விட்டுவிட்டு
மஸ்கட்டில் ஏ.சி. மாட்டப் போன தம்பி
"போற விலைக்குத் தள்ளிடுக்கா" என்றான்.
போற விலை எது என்று சொல்லவில்லை.

ஒரே விலை போட்டால் நிம்மதி.
எட்டாயிரத்து ஐந்நூறு என்று எழுதிவிட்டுத் தூங்கலாம்.
போட்ட கையோடு போய்விட்டால்
இன்னும் ஆயிரம் சேர்த்திருக்கலாமே என்று
ராத்திரி முழுக்க முதுகு அரிக்கும்.
ஏலம் என்றால் ஒரு ரூபாயில் தொடங்கலாம்,
ஏழு நாள்.
ஏழு நாள் எந்த மீன் தாங்கும்?
நான் கூறுகிற ஏலத்தில் வெயில் ஏறினால் விலை இறங்கும்,
இங்கே கடைசி நிமிடத்தில்தான் ஏறுமாம்.
யாருமே கேட்காமல் அந்த ஒரு ரூபாய்
ஊர் பார்க்க நின்றால்?

ஏலத்தைத் தொட்டேன். தொழில் புத்தி.

முதல் நாள் விழுப்புரத்துப் பையன், நானூறு.
மூன்றாம் நாள் நெல்லூர், மூவாயிரத்து இருநூறு.
நாலாம் நாள் சாயங்காலம்
ஐஸ் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தினார்
சோனாங்குப்பத்து அஞ்சப்பன்.
"பூவரசி, அந்தப் பெட்டியில
புள்ளியெல்லாம் அப்படியே இருக்கா?"

அன்று ராத்திரிதான் ஆன் செய்து பார்த்தேன்.
நாற்பத்தொரு புள்ளி.
எங்கே பார், எங்கே சேறு,
எந்த இடத்தில் முழுகிய கப்பல் வலையைக் கிழிக்கும்,
தை மாதம் பாறை மீன் எங்கே கூடும்.
யாருக்கும் புரியாத பெயராக வைத்திருக்கிறான்:
மாமியார், ரேஷன் கடை, பத்தாம் கிளாஸ் பெயில்.
முப்பத்தேழாவதற்கு என் பெயர்.

மறுநாள் ஏலம் பதினெட்டாயிரத்தில் நின்றது.
கேட்ட மூன்று பேரும் எங்கள் துறைமுகம்தான்.
பெயரை மாற்றிக்கொண்டால் என்ன,
ஐம்பது ஐம்பதாக ஏற்றுகிற விதம்
எனக்குத் தெரியாதா?

தேசிங்குக்குப் போன் போட்டேன்.
"பதினெட்டா? குடுத்துடுக்கா."
அப்புறம் பேசவில்லை.
யார் வீட்டிலோ ஏ.சி. ஓடுகிற சத்தம்.
"முப்பத்தேழ மட்டும் அழிச்சிடு."

பெட்டிக்கு ஒரு விலை உண்டு.
இவர்கள் கேட்பது
பதினாலு வருஷம் அவன் வெறும் வலையோடு
கரை சேர்ந்த காலைகளை.
அதற்கு என்ன ஆரம்ப விலை போடுவது,
ஒரு ரூபாயா?

ஏலத்தை ரத்து செய்தேன்.
காரணம் என்ன என்றது.
கொடுத்த பட்டியலில் என் காரணம் இல்லை.
"பொருள் பழுது" என்பதைத் தொட்டேன்.

ஏலக் கணக்கு நோட்டின் பின்பக்கம்
எண்களை மட்டும் எழுதி எடுத்தேன்.
பிறகு அழித்தேன், ஒவ்வொன்றாக.
நிச்சயமா, நிச்சயமா என்று
நாற்பத்தொரு தரம் கேட்டது பெட்டி.
எங்கள் வழக்கத்தில் மூன்று தரம் போதும்.

ஒரே விலை. எட்டாயிரத்து ஐந்நூறு.
நாலு நிமிடத்தில் போயிற்று, காரைக்காலுக்கு.
முதுகு அரித்தது.

இன்று கமிஷன் கணக்கு பார்க்க வந்த வேதமுத்து
நோட்டைத் திருப்பிவிட்டார்.
"பதினொன்று முப்பத்தெட்டு,
எழுபத்தொன்பது ஐம்பத்தெட்டு...
இது யார் பாக்கி? தேதியே இல்ல."
தேசிங்கு பாக்கி என்றேன்.
"வருமா?"
வஞ்சிரக் கூடை வந்து இறங்கியது.
தொண்டையைச் செருமிக்கொண்டு
இரண்டாயிரத்தில் ஆரம்பித்தேன்.