கீழிறக்கம் இல்லாத ஆண்டு

பிப்ரவரியில் ஒரே ஓர் ஆட்டம்.
பனியும் மழையும் கலந்து கொட்டிய ஞாயிறு,
சொந்த மைதானத்திலேயே இரண்டு கோலில் தோற்றோம்.
"போகட்டும், இன்னும் நாற்பத்தொன்று இருக்கே"
என்றார் இகராஷி,
முரசின் தோலைத் துண்டால் ஒற்றியபடி.
செவ்வாய்க்கிழமை எல்லாம் நின்றது.

நான் டிக்கெட் பிரிவில் இருப்பவள்.
விற்கத்தான் வேலைக்கு எடுத்தார்கள்;
மார்ச் முழுக்கத் திருப்பிக் கொடுத்தேன்.
மறுபடி தொடங்கும் தேதி மூன்று முறை மாறியது,
மூன்று முறையும் சுவரொட்டி அடித்தோம்.
மூன்றாவதன் முதுகில்தான்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரலில் புல்லுக்கு மட்டும் லீவு கிடையாது.
குசுமோட்டோ தினமும் வந்தார், வெட்டினார்,
யாரும் கேட்காமலே சுண்ணாம்புக் கோடு போட்டார்.
பெனால்டி புள்ளியில் ஒரு காகம்
நெடுநேரம் யோசித்து நின்றுவிட்டு
பறக்காமல் நடந்தே வெளியேறியது.

பிறகு அட்டை மனிதர்கள்.
புகைப்படம் அனுப்பினால், மூவாயிரம் யென்னுக்கு
உங்கள் நாற்காலியில் நீங்கள்.
சிலர் நாயை அனுப்பினார்கள்.
பல் வைத்தியர் ஒருவர் தன் மாமியாரை.
இகராஷி, இரு கைகளையும் உயர்த்தி,
முரசு இல்லாமல்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை
ஒவ்வொருவராகக் கயிறு போட்டுக் கட்டினேன்.
ஒருவருக்கும் முகக்கவசம் இல்லை.
குளிர்காலத்துக்குப் பிறகு
அத்தனை வாய்களை அன்றுதான் பார்த்தேன்.

ஜூன் கடைசி. ஆளில்லா ஆட்டம்.
பந்தை உதைக்கும் சத்தம்
பால்கனியில் யாரோ மெத்தை தட்டுவதுபோல் இருந்தது.
அதோடு இன்னொன்றும் கேட்டது.
நருமி, எங்கள் இடது தற்காப்பு ஆட்டக்காரன்,
ஒன்பது வருடமாக
"ஓடுடா, ஓடு" என்று நாங்கள் ஏசியவன்,
ஒவ்வொரு முறை ஏமாந்தபோதும்
"மன்னிச்சுக்கோ" என்றான்.
கோல்கீப்பரிடமா, பந்திடமா, தெரியவில்லை.
ஒன்பது வருடமும் சொல்லியிருப்பான்.
நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம்.

ஜூலையில் நிஜ மனிதர்கள் வந்தார்கள்,
இடைவெளி விட்டு விட்டு.
பாடக் கூடாது, கத்தக் கூடாது,
சேர்ந்து கைதட்டவும் கூடாது.
எங்கள் முதல் கோல் விழுந்தபோது
அரங்கம் முழுக்க ஒரே மூச்சு உள்ளே போனது,
வெளியே வர இடமில்லாமல்.
இகராஷி தன் உள்ளங்கைகள் மேல்
உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்டில் எதிரணிப் பேருந்து
நெடுஞ்சாலை ஓய்விடம் வரை வந்து திரும்பியது:
இரண்டு பேருக்குத் தொற்று.
நூற்றெண்பது உணவுப் பெட்டிகள் மிஞ்சின.
நான்கை வீட்டுக்கு எடுத்துப் போனேன்,
மூன்றாம் நாளும் கானாங்கெளுத்தி தின்றேன்.

லீக் முன்பே சொல்லியிருந்தது:
கடைசியில் வந்தாலும் இந்த ஆண்டு கீழிறக்கம் இல்லை.
நாங்கள் கடைசியில் வந்தோம். விழவில்லை.
ரயில் நிலையத்துக்கு எதிரே
தொமோயேயின் மதுக்கடை விழுந்தது;
நாற்பது பேர் அங்கே நின்றபடி
தோல்விகளைக் குடித்து முடிப்பார்கள்.
விமான நிலையப் பேருந்து ஓட்டிய இகராஷிக்கு
ஓட்டப் பேருந்து இல்லாமல் போனது.
முரசை என் அலுவலகத்தில் வைத்துவிட்டு
தம்பியின் ஊருக்குப் போனார்.
"ஈரம் படாமப் பாத்துக்கோ" என்றார்,
எப்போது வருவேன் என்று சொல்லவில்லை.
நருமியின் ஒப்பந்தமும் முடிந்தது.

டிசம்பர், கடைசி ஆட்டம், பூஜ்யத்துக்கு மூன்று.
நருமி மட்டும் தனியாக
எங்கள் பக்க வேலிவரை வந்து குனிந்தான்.
தலை நிமிர வெகுநேரமாயிற்று.
வாய் அசைந்தது.
இப்போது அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

"பரவாயில்லைப்பா" என்றேன்.
துணிக்குள்தான், ஆனால் சத்தமாக.
நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

குரல் எழுப்புவோர் வெளியேற்றப்படுவர்:
என் தலைக்கு மேலே அறிவிப்பு.
ஓரம் கொஞ்சம் கோணலாக.
ஒட்டியவள் நானேதான்.