ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்து

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கண்மட்டத்தில்
என் சன்னல்.
பேருந்தில் போகிறவர்கள் பார்ப்பார்கள்:
ஹெட்போன் மாட்டிய ஒருத்தி
காற்றோடு உதடசைக்கிறாள்.

பழைய இங்கிலீஷ் படம், கறுப்பு வெள்ளை.
அடியில் தமிழ் வசனம் போட
நிமிடத்துக்கு நாற்பது ரூபாய்.
ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்து,
இரண்டு நொடியில் வாசித்து முடியணும்.

இந்தத் துரைமாருக்கு எதுவும்
சும்மா நல்லதாக இருப்பதில்லை.
தேநீர் ஸ்பிஃபிங்.
டென்னிஸ் ரிப்பிங்; அகராதியில் பார்த்தால் கிழிக்கிறது.
அத்தை சுட்ட கேக் டாப்-ஹோல்.
'மேல் ஓட்டை' என்று தட்டிவிட்டு
நானே சிரித்து அழித்தேன்.

பேஷ் போட்டேன்.
சபாஷ் போட்டேன்.
போட்டபின் உறைத்தது,
இதுகளும் எங்கிருந்தோ குதிரையேறி வந்தவை,
என் வாயில் ஒருநாளும் இறங்காதவை.
சூப்பர் வைக்கலாம் என்றால்
படத்தில் வருடம் நாற்பத்துமூன்று.

கீழே டயர்க்கடை வாசலில்
கூடையை இறக்கிய பிளோரி
சாளையின் செவுளைப் பிளந்து காட்டினாள்.
தங்கையன் குனிந்து பார்த்தார்.
"கொள்ளாம்."
அவ்வளவுதான்.
விலை கேட்காமலே சட்டி வந்தது.

அன்று மாலைக்குள்
தேநீர் கொள்ளாம், டென்னிஸ் கொள்ளாம்,
லண்டன் அத்தையின் கேக்கும் கொள்ளாம்.
தொப்பி வைத்த துரை ஒவ்வொருவரும்
குழித்துறைக்காரர் ஆனார்கள்.

எழுபத்தோராவது நிமிடம்.
விமானி கீழே பார்க்கிறான்.
ஒரு ஊர் எரிகிறது,
அத்தனை உயரத்திலிருந்து அடுப்புக் கங்கு போல.
இருபது வயதிருக்கும் அவனுக்கு,
பல்வரிசை நன்றாக இருந்தது.
"விஸார்ட்" என்கிறான்.
மந்திரவாதி என்று அர்த்தமில்லை.
ஸ்பிஃபிங்கின் தம்பி அது,
விமானப்படையில் வளர்ந்தது.

பழக்கத்தில் தட்டினேன்.
ஷிஃப்டை அழுத்த மறந்த விரலால்
இரண்டு ள-வும் ல ஆகிவிட்டன.

கொல்லாம்.

களியக்காவிளை பேருந்து ஒன்று
சன்னலை நடுக்கிக்கொண்டு போனது.
அதில் இருக்கிற பாதிப் பேருக்கு
அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டாம்.

அப்படியே அனுப்பினேன்.
சென்னையிலிருந்து இரவு பதினொன்றுக்குப் பதில்:
'எழுபத்தொன்றில் ஒரு எழுத்துப்பிழை.
மற்றபடி சூப்பர் மேடம்.'

திருத்தினேன்.
நிமிடத்துக்கு நாற்பது ரூபாய்.

காலையில் பிளோரி மாடியேறி வந்து
எனக்கும் ஒரு செவுளைப் பிளந்தாள்.
உள்ளே நல்ல சிவப்பு.
"எப்படி?" என்றாள்.
சட்டியை நீட்டினேன்,
வாய் திறக்காமல்.