ஐந்தில் ஒரு புள்ளி

கோம்தாரில் நூற்றெண்பத்தொன்பது ரிங்கிட் கொடுத்து
தயாளன் வாங்கி வந்த டிவிடி பெட்டி
சாப்பாட்டுத் தட்டளவுதான் கனம்.
பழைய வட்டையெல்லாம் எச்டி ஆக்கிவிடும் என்று
கடைக்கார ஊய் சத்தியம் செய்தாராம்.
சுவரில் நாற்பத்திரண்டு அங்குலம்
வாங்கி எட்டு மாதம்,
இன்னும் தவணை.

செய்தி எப்படியோ பட்டர்வொர்த்தை எட்டி
ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறி வந்துவிட்டார்
கோகிலம் அத்தை,
கைப்பையில் கண்ணாடியும்
மைத்துனன் கல்யாண டிவிடியும்.
அன்றைக்குப் பெண்ணுக்கு இரவல் கொடுத்த காசுமாலை
திரும்பி வரவில்லை என்பது அத்தையின் கட்சி.
வாங்கவே இல்லை என்பது அவர்கள் கட்சி.
ஐந்து வருஷமாய் ஒரு வீட்டுச் சோறு
மறு வீட்டுக்கு ஆகாது.

"நாப்பத்தோராம் நிமிஷம் போடு.
தூண் பக்கம் அவ நிக்கிறா பாரு."

முதலில் பழைய பிளேயர், மஞ்சள் ஒயர்.
பெண்ணின் முகம் மழையில் நனைந்த கோலம்,
புடவைக் கரை படிக்கட்டு படிக்கட்டாய் இறங்கியது,
கழுத்தில் ஒரு மஞ்சள் கலங்கல்.
பிறகு புதியது, எச்டிஎம்ஐ ஒயர்.
பொய் சொல்லக்கூடாது,
கரை நேரானது. மூக்குத்திக்கு ஓர் ஓரம் கிடைத்தது.
தூண் தூணாக நின்றது.
மஞ்சள் மட்டும்
கொஞ்சம் வழவழப்பான மஞ்சள்.

வாரன்டி தாளின் பின்னால் பெருக்கிப் பார்த்தேன்.
வட்டில் எழுநூற்றிருபதுக்கு ஐந்நூற்றெழுபத்தாறு,
திரையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்திருபதுக்கு ஆயிரத்தெண்பது.
மிச்சமே இல்லாமல் ஐந்து மடங்கு.
நாம் பார்க்கிற ஐந்து புள்ளியில்
ஒன்றுதான் கேமரா கண்டது.
நாலு, பெட்டி பக்கத்துப் புள்ளியிடம் விசாரித்து
உத்தேசமாய் வைத்தது.
பெட்டி இல்லாவிட்டால் டிவியே வைத்திருக்கும்,
கொஞ்சம் அவசரமாய்.

லெபோ லைட் கோர்ட்டில்
தமிழை மலாயாக்குவது என் பிழைப்பு.
போன மாதம் பாலிக் பூலாவ் சாட்சி ஒருவன்
"இருட்டுல என்னமோ மின்னிச்சிங்க" என்றான்.
கத்தி என்ற சொல்
என் நாக்கு நுனிவரை வந்து நின்றது,
வழக்கு அதற்காகத்தான் காத்திருந்தது.
செசுவாத்து பெர்கிலாட், ஏதோ மின்னியது,
அதற்குமேல் ஓர் எழுத்து போடவில்லை.
இந்தப் பெட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.
இரண்டு மஞ்சளுக்கு நடுவே இடம் கண்டால்
மஞ்சளைப் போட்டுவிடும்,
கல்மிஷம் இல்லாமல்.

"பாத்தியா, காசு காசா தெரியுது!"
தயாளன் என்னைப் பார்த்தான்.
"நீதான் கோர்ட்டுல இருக்கவ, சொல்லும்மா."
"மஞ்சளா ஏதோ இருக்கு, அத்தை."
"அதான்! அதான் மாலை!"

ரிமோட்டைத் தேடினான் தயாளன்,
பிஸ்கட் டின்னுக்கு அடியில் மாட்டியிருந்தது.
அதற்குள் படம் ஓடி
நாற்பத்து மூன்றாம் நிமிஷம்.
வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்மணி,
ஐந்து வருஷம் இளைய கோகிலம் அத்தை.
கழுத்தில்
அதே மஞ்சள்.
அதே வழவழப்பு.

கீழே கார்ப்பார்க்கில் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.
நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
போட்டார்,
மறுபடி கழற்றினார்.
"அது என் மாலை இல்ல.
பெட்டி தானா போட்டுக்கிட்ட கணக்கு.
நீதானே இப்ப சொன்னே?"

சொல்லவில்லை.
வாரன்டி தாள் மேசையில் குப்புறக் கிடந்தது,
என் கணக்கு மேல்பக்கமாய்.

ஆறு மணி ஃபெர்ரிக்கு அத்தையை ஏற்றிவிட்டுத்
திரும்பும் வழியில் தயாளன் கேட்டான்,
"படம் நல்லாத்தானே இருக்கு? காசு வீணில்லையே?"
"ஓரமெல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.