ஏழரை

நாற்பத்தாறாம் வயதில் விரலில் முதல் கொப்புளம்.
மனைவி மஞ்சள் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

காந்திபுரத்தில் மூன்றாவது மாடி.
இருபத்திரண்டு வருடம் ஒரே ஜன்னல்,
வெளியே அடுத்த கட்டடத்தின் ஏசிப் பெட்டி,
அது சொட்டும் தண்ணீர்.
நான் எழுதியவை மூன்று வகைக் கடிதம்:
நினைவூட்டல், இறுதி நினைவூட்டல், நோட்டீஸ்.
பெயர் மாறும், தொகை மாறும்.
'தாங்கள் அறிந்ததே' மட்டும் மாறாது.
யார் எதை அறிந்தார்கள் என்று
ஒரு நாளும் யோசித்ததில்லை.
மதியம் டப்பாவைத் திறக்கும்போது மட்டும்
பசி இல்லாத மாதிரி இருக்கும்.

விட்டதற்குப் பெரிய காரணமில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்ட் நின்றுவிட்டது,
இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்,
இருட்டில், இருபது நிமிடம்.
கதவு திறந்தபோது எல்லோரும் மேலே போனார்கள்.
நான் இறங்கினேன்.

ஒறம்பரை வந்து விசாரித்தது:
"ஏனுங் மாப்ள, ஒடம்புக்கு ஏதாச்சுங்ளா?"
காலேஜ் விண்ணப்பத்தில்
'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை
மகன் வெறுமனே விட்டிருந்தான்.

இப்போது பல்லடம் ரோட்டில் நியூ ஸ்டார் ரீவைண்டிங்.
முதலாளி நஸ்ருதீனுக்கு இருபத்தெட்டு.
ஆரம்பத்தில் வாய் நிறையச் சார்.
"சார், எரிஞ்ச காயிலை அறுக்கறதுக்கு முன்னால எண்ணிருங்க சார்.
சுத்து தப்புனா மறுக்கா எரியும் சார்."
எண்ணினேன். கரி பிடித்த கம்பிகள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
நாற்பத்திரண்டா, நாற்பத்துமூன்றா?
வட்டியில் பைசா தவறாதவன் நான்.
முதல் மோட்டார் புகைந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதில் சார் உதிர்ந்துவிட்டது:
"யோவ், வார்னிஷ் காயட்டும்யா."
அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்த மாதிரி இருந்தது.

சம்பளம் பாதிக்கும் கீழே. முதுகு வலி நிஜம்.
சில நாள் அந்த ஏசிப் பெட்டியின் சொட்டுக்கூட
நினைவுக்கு வருகிறது, பொய் சொல்வானேன்.

போன வாரம் பொங்கலூர்ப் பக்கமிருந்து
டெம்போவில் ஒரு ஏழரை ஹெச்பி.
கூட வந்தவள் மயிலாத்தாள்.
"பேர்லயே ஏழரைங். அப்பறம் வெளங்குமா?"
காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.
"வெங்காயம் காயுதுங். நாளைக்குள்ள வேணுமுங்."
முப்பத்தாறு காடி. இரவு பதினொன்றுக்கு வார்னிஷ்.
காலையில் ஓட்டிக் காட்டினேன்,
சத்தம் சீராக வந்தது.
ரசீது எழுதி, ச. திருமூர்த்தி என்று
கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

வாங்கியவள் போகவில்லை.
தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.
தள்ளிப் பிடித்தாள்.
"இந்தத் 'தி'க்குக் கீழ ஒரு கோடு இழுத்துருக்கறீங்ளே,
எங்கூட்டுப் பீரோவுல இதே கையெழுத்துல
நாலு காயிதம் கெடக்குதுங்."

டேபிள் ஃபேன் அவள் பக்கம் திரும்பி, என் பக்கம் திரும்பியது.
நஸ்ருதீன் ஒரு ஸ்பேனரை எடுத்து
எதற்கென்று தெரியாமல் திரும்ப வைத்தான்.
ஆமாங்க என்றேன்.
வேறு வார்த்தை கைவசம் இல்லை,
'தாங்கள் அறிந்ததே' என்பதுதான்
நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அப்ப மாட்ட வித்துக் கட்டுனமுங்" என்றாள்.
கோபமாகத் தெரியவில்லை.
கோபமில்லாமலும் தெரியவில்லை.
டெம்போவில் ஏறி, மோட்டார்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு,
"ஆயரத்து எரநூறு கொறையுதுங்.
வெங்காயம் போனதும் தர்றனுங்.
கடுதாசி கிடுதாசி போட்டறாதீங்."

சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

நோட்டில் பென்சிலால் எழுதினேன்:
மயிலாத்தாள், பாக்கி 1200.
தேதி போட வேண்டிய இடத்தில்
கை கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு, 'வெங்காயம்' என்று எழுதினேன்.